பாதுகாப்பு கேட்டவர்களின் பட்டியல்

2009 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ட்ராய்ட்விச் என்ற சிறு நகரத்தில் இருந்த ஓர் அலுவலகத்தை அந்நாட்டுத் தகவல் ஆணையரின் புலனாய்வாளர்கள் சோதனையிட்டார்கள். கன்சல்டிங் அசோசியேஷன் என்ற பெயரில் இயங்கிய அந்த இடத்தில் 3,213 பேரைப் பற்றிய குறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலானோர் கட்டுமானத் தொழிலாளர்கள்: கொத்தனார்கள், தச்சர்கள், சாரம் கட்டுபவர்கள், மின்பணியாளர்கள். முகவரி, தேசியக் காப்பீட்டு எண், எந்த சைட்டில் எப்போது வேலை பார்த்தார், எந்தச் சங்கத்தில் இருக்கிறார், கூட்டத்தில் என்ன பேசினார் என்பது வரை அதில் இருந்தது. பால்ஃபர் பீட்டி, ஸ்கான்ஸ்கா, கரில்லியன், சர் ராபர்ட் மெக்கால்பைன் உட்பட 44 நிறுவனங்கள் இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்திவந்தன. அந்த ஆண்டு ஜூலையில், அலுவலகத்தை நடத்திய இயன் கெருக்கு நட்ஸ்ஃபோர்டு கிரவுன் நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதம் விதித்தது. தனிநபர் தகவல்களைக் கையாள்பவராக அவர் அரசிடம் பதிவு செய்துகொள்ளவில்லை என்பதே குற்றம். ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது குற்றப்பத்திரிகையில் இல்லை. நிறுவனங்களில் ஒன்றுகூடக் கூண்டில் ஏறவில்லை. 14 நிறுவனங்களுக்கு, இனி இப்படிச் செய்யக் கூடாது என்ற உத்தரவு போனதோடு சரி.

இந்த விவகாரம் பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசப்பட்டிருக்கிறது. ஒன்று, தனியுரிமை மீறல். மற்றொன்று, தொழிற்சங்கத்தாரைப் பழிவாங்கியது. இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொண்டால் நடந்ததில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ட்ராய்ட்விச்சில் கிடைத்த குறிப்பு அட்டைகளில் திரும்பத் திரும்ப வருவது கல்நார் தூசு பற்றிய புகார், கழிப்பறை வசதி பற்றிய புகார், பாதுகாப்புப் பிரதிநிதியாக ஒருவர் நியமிக்கப்பட்ட செய்தி. விபத்து நடக்கும் முன் எச்சரிக்க வேண்டியவர்களே தேடித் தேடி வெளியேற்றப்பட்டார்கள். அதற்குத் துணையாக நின்றது, உளவு பார்க்கும் அதிகாரம் படைத்த போலீஸ். ‘இந்தப் பலகை உடையப்போகிறது’ என்று சொன்னவரை, நாட்டுக்கு ஆபத்தானவர் என்று ஒரு கோப்பில் சேர்க்க முடிந்ததால்தான் இந்தப் பட்டியல் அத்தனை காலம் ஓடியது என்பது என் வாதம்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், முதலாளிகளின் பணத்தில் எகனாமிக் லீக் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் போர்க்காலத்தில் கடற்படை உளவுத்துறைக்குத் தலைவராக இருந்த ரெஜினால்டு ஹால். அதாவது தொடக்கத்திலேயே அரசு உளவும் தனியார் பட்டியலும் ஒரே கைக்குப் பழக்கமானவை. 1972இல் கட்டுமானத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்த பிறகு, ஷ்ரூஸ்பரியில் மறியலில் ஈடுபட்டவர்கள் மீது வழக்குப் போட்டுச் சிலரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ய 2021 மார்ச் வரை ஆயிற்று. அதே எழுபதுகளில் லீகுக்குள் கட்டுமான நிறுவனங்களுக்கென்று தனிப் பிரிவே இருந்தது. நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் துருவத் தொடங்கியதும் 1993இல் லீக் மூடப்பட்டது. கட்டுமானப் பட்டியல் மட்டும் மூடப்படவில்லை. மெக்கால்பைன் நிறுவனம் கொடுத்த 10,000 பவுண்டு கடனில், லீகில் வேலை பார்த்த அதே கெர் தலைமையில், அது கன்சல்டிங் அசோசியேஷன் ஆனது. கெர் 2012 நவம்பரில் நாடாளுமன்றத்தின் ஸ்காட்லாந்து விவகாரக் குழு முன் விரிவாகச் சாட்சியம் சொன்னார். அடுத்த மாதமே இறந்துபோனார். அந்த ஒரு சாட்சியம் இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்தது இன்னும் குறைவாக இருந்திருக்கும்.

பட்டியல் இயங்கிய முறையைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். நிறுவனம் ஆண்டுக்கு 3,000 பவுண்டு சந்தா கட்டும். புதிய சைட்டுக்கு ஆள் எடுக்கும்போது பெயர்களை ட்ராய்ட்விச்சுக்கு அனுப்பும். ஒரு பெயரைத் தேடிப் பார்க்க 2 பவுண்டு 20 பென்ஸ். அட்டை இருந்தால் அதில் உள்ளதைத் தொலைபேசியில் படித்துக் காட்டுவார்கள். காகிதம் கைமாறாது. வேலை கேட்டவருக்கு, ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற பதில் போகும், அல்லது பதிலே போகாது. கட்டுமானத் தொழிலில் இது எவ்வளவு கொடுமையானது என்பது அந்தத் தொழிலின் அமைப்பைப் பார்த்தால்தான் விளங்கும். ஆலையில் ஒருவர் இருபது ஆண்டு ஒரே இயந்திரத்தில் நிற்கலாம். கட்டுமானத்தில் ஒரு வேலை சில மாதம். முடிந்ததும் அடுத்த சைட்டின் வாசலில் மறுபடி நிற்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் கீழ் துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் இன்னொருவர், அதற்கும் கீழே ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி. ஆண்டில் பலமுறை வேலை கேட்க வேண்டியவருக்கு ஒவ்வொரு முறையும் அதே கதவு சாத்தப்படும். வேலைநீக்க உத்தரவு என்று ஒன்று இல்லாததால் வழக்குப் போட வழியில்லை. ஊரெங்கும் வேலை நடக்கும்போது தனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று புரியாமல், தன் திறமையிலேயே சந்தேகம் கொண்டு, கடன் பட்டு, தொழிலையே விட்டவர்கள் பலர். காரணம் அவர்களுக்குத் தெரியவந்தது 2009க்குப் பிறகு. அப்போதும் தகவல் ஆணையர் அலுவலகம் தொடக்கத்தில் யாரையும் தேடிப் போகவில்லை. கேட்டு எழுதியவர்களுக்கே கோப்பு கிடைத்தது.

டேவ் ஸ்மித்தின் வழக்கு இதில் எல்லா முடிச்சுகளையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. அவர் கட்டுமானப் பொறியாளர், சங்கத்தின் பாதுகாப்புப் பிரதிநிதி. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டு விதிகள் வழியே சட்டமே அங்கீகரித்த பொறுப்பு அது: சைட்டைச் சுற்றிப் பார்த்து ஆபத்துகளைக் குறித்து நிர்வாகத்திடம் சொல்வது அவர் கடமை. கல்நார் பற்றியும் வேறு குறைகள் பற்றியும் அவர் சொன்னார். அவரைப் பற்றிய கோப்பு 36 பக்கம். தொழிலாளர் தீர்ப்பாயத்தில் அவர் வழக்குத் தொடுத்தபோது, பாதுகாப்புப் பிரச்சினைகளை எழுப்பியதற்காகவே அவரைப் பற்றிய தகவல் பட்டியலுக்குப் போனது என்பதை கரில்லியன் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவர் தோற்றார். அவர் ஏஜென்சி வழியாக வந்தவர், சட்டத்தின் கண்ணில் அந்த நிறுவனத்தின் ‘ஊழியர்’ இல்லை, ஆகவே பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 2012இல் தீர்ப்பாயம் சொன்னது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. செயல் நடந்தது, காரணம் ஒப்புக்கொள்ளப்பட்டது, பாதிப்பு கண்கூடு. பரிகாரம் மட்டும் இல்லை. ஆள் எடுக்கும் முறையே நிறுவனத்துக்குக் கவசமாகிவிட்டது.

ஒருவரை வெளியேற்றுவதால் சைட்டில் மிச்சமிருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. சாரத்தின் மேல் நிற்பவனுக்குத் தெரிவது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அரசு ஆய்வாளர் எப்போதோ ஒரு நாள் வருவார். அன்றாடம் ஆபத்தைப் பார்ப்பவர் தொழிலாளிதான். அவர் வாய் திறக்க முடிவதற்கும் உயிர் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டன் ஆலைகளைப் பற்றி 1995இல் வெளியான ஓர் ஆய்வு, சங்கம் நியமித்த உறுப்பினர்கள் உள்ள பாதுகாப்புக் குழு இயங்கும் இடங்களில், நிர்வாகம் யாரையும் கலக்காமல் முடிவெடுக்கும் இடங்களைவிடக் காயங்கள் ஏறத்தாழப் பாதி என்று கண்டது. ட்ராய்ட்விச் அலுவலகம் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருந்த 2000–01இல் பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் 105 பேர் இறந்தார்கள். அந்த எண்ணிக்கையைக் கண்டு துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் தொழிலதிபர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். இந்த மரணம் இந்த அட்டையால் நேர்ந்தது என்று கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. எச்சரிப்பவர்களை நீக்கும் ஏற்பாடு ஒரு பக்கமும், ஏன் இத்தனை பேர் சாகிறார்கள் என்ற மாநாடு மறுபக்கமும் ஒரே தொழிலில், ஒரே காலத்தில் நடந்தன என்பதே போதும்.

வட கடலின் எண்ணெய்த் தளங்கள் இதையே வேறு விதமாகக் காட்டின. அங்கே அட்டை தேவைப்படவில்லை, ‘என்.ஆர்.பி.’ என்ற மூன்றெழுத்து போதும். ‘திரும்ப வரத் தேவையில்லை’ என்று பொருள். ஹெலிகாப்டரில் கரைக்கு வந்தவருக்கு அடுத்த முறை தளத்துக்குப் போக அழைப்பு வராது. 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா தளம் வெடித்து 167 பேர் மாண்ட பிறகு, இந்த அச்சத்தால் குறைகளைச் சொல்லாமல் விட்ட பழக்கம் வெளியே பேசப்பட்டது. 1992இல் கடல்தளப் பாதுகாப்புப் பிரதிநிதிகளைப் பழிவாங்குவதற்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றினார்கள். வாயடைப்பதற்கும் விபத்துக்கும் உள்ள உறவை நாடாளுமன்றம் அன்றே அறிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த அறிவு கரையேறிக் கட்டுமானத் தளங்களுக்கு வரவில்லை.

இனி போலீஸ். லண்டனில் ஐரிஷ் போராளிகளின் குண்டுவெடிப்புகளை ஒடுக்க 1883இல் பிறந்தது ஸ்பெஷல் பிராஞ்ச். நம்மூர்க் காவல்துறையில் இன்றும் அதே பெயரில் பிரிவுகள் இருப்பது பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன எச்சம். தொழிற்சங்கங்களைக் கண்காணிப்பதும் காலப்போக்கில் அதன் வாடிக்கையான வேலையாயிற்று. 2002இல் பி.பி.சி. ஒளிபரப்பிய தொடர் ஒன்றில் லங்காஷயர் ஸ்பெஷல் பிராஞ்சின் முன்னாள் அதிகாரி, ஹேல்வுட்டில் உள்ள ஃபோர்டு ஆலைக்கு வேலைக்கு வருபவர்களில் ‘வேண்டாதவர்கள்’ நுழையாமல் பார்த்துக்கொண்டது தங்கள் பணி என்று ஒளிக்காமல் சொன்னார். இதைவிட ஆழமாகப் போனது மறைவேட உளவு. 1968இல் தொடங்கி 2008 வரை இயங்கிய ஸ்பெஷல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்குவாடின் அதிகாரிகள் வேறு பெயரில், வேறு தொழிலில், ஆண்டுக்கணக்கில் இயக்கங்களுக்குள் வாழ்ந்தார்கள். அவர்களில் மார்க் ஜென்னர் என்பவர் 1995 முதல் 2000 வரை மார்க் காசிடி என்ற பெயரில் தச்சராக நடித்தார். யு.சி.ஏ.டி.டி. என்ற கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் அட்டை வாங்கினார், மறியல்களில் நின்றார். உண்மை தெரியாத ஒரு பெண்ணோடு ஆண்டுக்கணக்கில் குடும்பமும் நடத்தினார். அதே படையில் இருந்து பின்னர் மனம் மாறிய பீட்டர் ஃபிரான்சிஸ், தான் திரட்டிய தகவல் கறுப்புப் பட்டியலில் சேர்ந்திருப்பதாக நம்புவதாகப் பகிரங்கமாகச் சொன்னார்.

போலீஸ் தகவல் பட்டியலுக்குப் போகிறது என்று தொழிலாளர்கள் சொன்னபோது வெறும் சந்தேகம் என்று தள்ளினார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஒப்புதல்கள் வந்தன. ட்ராய்ட்விச் சோதனையில் பங்கெடுத்த புலனாய்வாளரே 2012இல், கோப்பில் உள்ள சில தகவல்கள் போலீசிடமிருந்தோ உளவுத்துறையிடமிருந்தோ மட்டுமே வந்திருக்க முடியும் என்று சொன்னார். 2008இன் பிற்பகுதியில், அதாவது சோதனைக்குச் சில மாதம் முன்பு, ‘தீவிரவாதம்’ தொடர்பான தேசியப் போலீஸ் பிரிவு ஒன்றின் அதிகாரி கட்டுமான நிறுவனங்களின் கூட்டத்துக்கு வந்து பேசியதைக் கெரின் ஆவணங்கள் காட்டின. கடைசியில் 2018 மார்ச்சில், ஸ்பெஷல் பிராஞ்ச் உட்படப் போலீஸ் தந்த தகவல் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டதாக லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. அந்த முடிவைச் சொன்ன உள் அறிக்கை 2016லேயே தயாராகிவிட்டது. இரண்டு ஆண்டு அதை வெளியே விடவில்லை.

போலீஸ் தந்தது கூடுதலாகச் சில தகவல் துணுக்குகள் மட்டும்தானே என்று இதைக் கடந்துவிடக் கூடாது. ஒரு மேலாளர் எரிச்சலில் எழுதும் குறிப்புக்கு மதிப்புக் குறைவு. அவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் நேற்று சண்டை நடந்திருக்கலாம் என்று அடுத்த நிறுவனம் யோசிக்கும். அதே ஆளைப் பற்றி அரசின் உளவுப் பிரிவிலும் கோப்பு இருக்கிறது என்றால் கதை வேறு. கல்நார் பற்றிக் கேட்டவர் இப்போது கல்நார் பற்றிக் கேட்டவராக இல்லை. நாட்டைக் குலைக்கப் பார்ப்பவர் ஆகிறார், அவர் புகாரும் சதியின் அங்கமாகிறது. புகாரைப் படித்து, பலகையைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. நிறுவனத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. இதில் சங்கங்களின் பங்கும் உண்டு என்பது வேதனையான உண்மை. சங்க அதிகாரிகள் சொன்னதாகக் குறிக்கப்பட்ட தகவல்கள் சில கோப்புகளில் இருந்தன. தங்களுக்கு அடங்காத அடிமட்ட உறுப்பினர்களைக் கைகழுவ நினைத்தவர்கள் சங்கத்துக்குள்ளும் இருந்தார்கள். யுனைட் சங்கம் பின்னர் அதற்கென்றே விசாரணை நடத்த வேண்டியதாயிற்று.

நிறுவனங்களின் பக்கத்து நியாயம் என்று சொல்லப்படுபவற்றில் இரண்டைப் பொருட்படுத்த வேண்டும். முதலாவது, வேலைக்கு எடுப்பவரைப் பற்றி விசாரிப்பது முதலாளியின் உரிமை, எல்லாத் தொழிலிலும் நடப்பதுதானே என்பது. விசாரிக்கலாம், முன்னாள் முதலாளியிடம் கேட்கலாம். ஆனால் அந்த நற்சான்று ஒரு பெயரோடு வருகிறது. அதில் பொய் இருந்தால் சொன்னவர் மீது வழக்குப் போடலாம். ட்ராய்ட்விச் அட்டையில் எழுதியவருக்குப் பெயர் இல்லை, நிறுவனம் வெறும் எண். சொல்லப்பட்டவருக்கு அது இருப்பதே தெரியாது. பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் பழி தன் மேல் விழுந்தாலும் அவரால் திருத்த முடியாது. தாங்கள் செய்தது நியாயமான விசாரிப்பு என்று அந்த நிறுவனங்களே நம்பியிருந்தால் அதைத் தொலைபேசியோடு முடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. பாதுகாப்பைச் சாக்காக வைத்து வேலையை நிறுத்திக் கூலியை உயர்த்தப் பார்த்தவர்கள் இருந்தார்கள், ஒரு நாள் தாமதத்துக்கு லட்சக்கணக்கில் இழப்பு ஏற்படும் திட்டங்களில் நிறுவனங்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்கிறார்கள். 1990களின் இறுதியில் லண்டன் பாதாள ரயிலின் ஜூபிலி லைன் நீட்டிப்பை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 2000ஆம் ஆண்டு பிறக்கும் முன் முடித்தே ஆக வேண்டிய அந்தத் திட்டத்தில் மின்பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அங்கே வேலை பார்த்த பலரின் பெயர் பிறகு பட்டியலில் இருந்தது. அங்கே எழுந்த சச்சரவுகளில் சுரங்கத்தின் தீ எச்சரிக்கை அமைப்பு பற்றியதும் ஒன்று. 1987இல் கிங்ஸ் கிராஸ் பாதாள நிலையத் தீயில் 31 பேர் இறந்த ஊரில், தீ எச்சரிக்கை பற்றிக் கேட்பதைச் சாக்கு என்று யார் தீர்மானிப்பது? பேரம் பேசவும் அதைப் பயன்படுத்தியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வேறு நோக்கம் இருப்பதால் மணி அடிக்காத அலாரம் அடிக்கத் தொடங்கிவிடாது. புகார் பொய்யா என்று பார்க்க ஆய்வாளரைக் கூப்பிட்டு அலாரத்தைச் சோதித்தால் போதும். கறுப்புப் பட்டியல் அந்தச் சோதனையைச் செய்யாமலேயே தீர்ப்பு எழுதியது. பொய் சொன்னவரும் உண்மை சொன்னவரும் அதில் ஒரே அட்டையில் அடங்கினார்கள்.

வன்முறையைத் தடுக்கக் கண்காணிப்பு தேவை என்ற போலீசின் வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2015இல் அமைந்த மறைவேடப் போலீஸ் விசாரணை ஆணையத்தின் தலைவர் ஜான் மிட்டிங், 2023 ஜூனில் தந்த இடைக்கால அறிக்கையில் 1968 முதல் 1982 வரையான காலத்தை எடுத்துக்கொண்டார். ஸ்பெஷல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்குவாட் கையாண்ட வழிமுறைகளை அதன் நோக்கங்கள் நியாயப்படுத்தவில்லை என்றும், நடப்பது வெளியே தெரிந்திருந்தால் படையை விரைவிலேயே கலைத்திருப்பார்கள் என்றும் முடிவு சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதி, ரகசிய ஆவணங்களை எல்லாம் பார்த்த பிறகு சொன்னது இது.

பழைய கதை, தீர்ந்துவிட்டது என்பவர்களும் உண்டு. பணம் கொடுத்தது உண்மை. 2016 மே மாதம் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. யுனைட் சங்கத்தின் 256 உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது, நிறுவனங்கள் மன்னிப்பும் கேட்டன. சமரசம் என்பதால் மேலாளர்கள் யாரும் குறுக்கு விசாரணைக்கு நிற்கவில்லை. சட்டமும் வந்தது: 1999லேயே நாடாளுமன்றம் அதிகாரம் தந்திருந்தும், கறுப்புப் பட்டியலுக்கு எதிரான விதிகள் ட்ராய்ட்விச் அம்பலமான பிறகு, 2010 மார்ச்சில்தான் அமலாயின. அவையும் குற்றச் சட்டம் இல்லை. பாதிக்கப்பட்டவர் தானே கண்டுபிடித்துத் தானே வழக்குப் போட வேண்டும். சங்க நடவடிக்கைக்காகப் பட்டியலிட்டால்தான் அவை பொருந்தும். சங்கத்தில் சேராத ஒருவர் சாரத்தின் பலகை உடைந்திருக்கிறது என்று தானாகச் சொன்னால் அவருக்கு அவை உதவாது. கடுமையான, உடனடி ஆபத்தின்போது வேலையை விட்டு விலகியதற்காகவோ பாதுகாப்பு நடவடிக்கை எடுத்ததற்காகவோ பழிவாங்கக் கூடாது என்ற சட்டப்பிரிவு ‘ஊழியர்’ என்ற வட்டத்தைத் தாண்டி விரிந்தது 2021 மே 31 அன்று. அதற்கும் ஒரு சிறு சங்கம் முந்தைய ஆண்டு உயர்நீதிமன்றம் போய் வெல்ல வேண்டியிருந்தது. அந்த விரிவும் வேலையில் இருப்பவருக்குத்தான். வேலை கேட்டு வாசலில் நிற்பவருக்கு இல்லை. கறுப்புப் பட்டியல் ஆளைப் பிடிப்பதோ அந்த வாசலில். ஆகவே செய்ய வேண்டிய முதல் திருத்தம் தெளிவாகவே தெரிகிறது: வேலை கேட்பவரையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்து, ரகசியமாகப் பட்டியலிடுவதைக் குற்றமாக்குவது. அட்டைப் பெட்டியும் தொலைபேசியும் இன்று வேண்டாம். மேலாளர்களுக்கு இடையே போகும் ஒரு குறுஞ்செய்தி போதும், அதைச் சோதனையிட்டுக் கைப்பற்ற எந்த அலுவலகமும் இருக்காது.

போலீசின் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. மறைவேடப் போலீஸ் விசாரணை ஆணையத்தில் 1993க்குப் பிந்தைய காலம் பற்றிய அமர்வுகள் 2025 அக்டோபரில்தான் தொடங்கின. ஆணையத்தின் வரம்பு மறைவேட அதிகாரிகள். ஸ்பெஷல் பிராஞ்சின் வழக்கமான மேசைகளில் இருந்து நிறுவனங்களுக்குத் தகவல் போன வழியை முழுதாகத் துருவும் பொறுப்பு அதனிடம் இல்லை. எந்த மேசை, எந்த அதிகாரி, எந்த நிறுவனத்தின் எந்த ஆளிடம் சொன்னார் என்ற கேள்வியை மெட்ரோபாலிட்டன் போலீஸின் 2018 கடிதம் தொடவே இல்லை. ட்ராய்ட்விச்சில் இருந்த ஆவணங்களில் ஒரு பகுதியையே தகவல் ஆணையர் தரப்பு எடுத்துச் சென்றது. மீதியைப் பின்னர் அழித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, விசாரணை ஆணையத்தின் அதிகாரம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே. இந்தப் பட்டியலை நாடாளுமன்றத்தில் முதலில் தோண்டியெடுத்ததோ ஸ்காட்லாந்து விவகாரக் குழு. அந்நாட்டுத் தளங்களில் வேலை பார்த்துப் பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு இன்றுவரை அப்படியோர் விசாரணை ஆணையம் இல்லை.